உம்மா வீட்டுச் சாவி

காயல்பட்டினத்தில் பிறந்த ஓர் ஆண்மகனிடம், "உன் வீடு எது?" என்று கேட்டால் அவன் சற்றுத் தயங்கியே விடை கூறுவான். பிறந்து வளர்ந்தது உம்மாவின் வீடு. மணமான பின் குடியிருப்பது மனைவியின் வீடு. உழைத்துப் பொருளீட்டிக் கட்டுவது மகளின் வீடு. மூன்றிலும் அவன் உண்ணலாம், உறங்கலாம். ஆயினும் ஒன்றையேனும் தன் வீடென்று சொல்லிக் கொள்வதில்லை. இத்தகைய ஆண்மக்களாகிய எங்கள் மூவர் கையில், ஒரு வீட்டை விற்பதா, வைத்துக் குடியிருப்பதா என்னும் முடிவு வந்து சேர்ந்தது. நம்மவருள் பல குடும்பங்களுக்கும் நேரக்கூடிய நிலை இது. ஆகவே எங்கள் பிழையையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

எங்கள் உம்மா 2021ஆம் ஆண்டில் வஃபாத்தானார்கள். வாப்பா அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே இறையடி சேர்ந்துவிட்டார்கள். வீடு, உம்மாவுக்கு அவர்களுடைய உம்மா வழியாக வந்தது. தெருப்பக்கம் திண்ணை, ஆண்கள் அமரும் முன்கூடம், வானம் தெரியும் முற்றம், அதைச் சுற்றி அறைகள், அப்பால் அடுக்களையும் கிணறும், கடைசியில் ஒரு பின்கட்டு. பின்வாசல் பெண்கள் நடமாடும் முடுக்கில் திறக்கும். தெருவில் கால் வைக்காமலே வீட்டுக்கு வீடு சென்று வரப் பெண்களுக்கு அம்முடுக்கு வழியாயிற்று.

இவ்வமைப்பும் வீட்டைப் பெண்மக்களுக்கே கொடுக்கும் வழக்கமும் ஒரே காரணத்தால் பிறந்தவை என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆண்கள் கொழும்புக்கும் அதற்கப்பாலும் கடல் கடந்து வணிகம் செய்யப் போயினர். திரும்புவதற்கு மாதங்கள் ஆகும், ஆண்டுகளும் ஆகும். அதுவரை ஒரு பெண் தன் தாயோடும் உடன்பிறந்த பெண்களோடும் அச்சமின்றி வாழ வேண்டும். ஆதலால் மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்தான்.

ஷரீஅத்தின் பாகப்பிரிவினையோ வேறு. அந்நிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனம் ஆணுக்கு இரு பெண்களின் பங்கை விதிக்கிறது. நாங்கள் ஆண்கள் மூவர், ராத்தா ஒருவர். சொத்து ஏழு பாகமாகிறது. எங்களுக்கு இரண்டிரண்டாக ஆறு, ராத்தாவுக்கு ஒன்று. ஓர் ஆணும் குடியிருந்து உரிமை கொண்டாடாத வீட்டில், ஏழில் ஆறு பங்கு ஆண்களுக்கு என்றாயிற்று.

மூவரில் எவர் அவ்வீட்டில் குடியேறுவது? மூத்தவர் அதே ஊரில், இரண்டு தெரு தள்ளி, மனைவியின் வீட்டில் இருக்கிறார். தாய் தந்த வீட்டைப் பூட்டிவிட்டு மாமியார் வீட்டுக்கு வா என்று அறுபது வயதுக்கு மேல் ஒரு பெண்ணை எவ்வாறு அழைப்பது? நடுவர் சென்னை மண்ணடியில் கடை வைத்து வேரூன்றிவிட்டார். இளையவர் சவூதியிலிருந்து சேமிப்பின்றித் திரும்பியவர். அவருக்கு வேண்டியது வீடன்று, கடன் தீர்க்கப் பணம். ராத்தாவோ கணவரை இழந்து, சென்னையில் மகனோடு இருந்தார். ஆகவே விற்பதே முறை என்று எங்களுக்குள் பேசி முடித்தோம். வாங்க வந்தவரும் நல்ல விலை சொன்னார். இடித்து மூன்று வீடுகளாகக் கட்டுவதாக அவர் திட்டம். ராத்தாவிடம் சொன்னபோது, "உங்களுக்குச் சரியென்றால் சரி, தம்பி" என்றார். அவ்வளவே.

பாகம் பிரிக்குமுன் ஓர் ஆலிமிடம் சென்றோம். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத்து ஆகியவற்றை விசாரித்த பின் அவர் கேட்டார்: "உங்கள் உம்மா உயிரோடிருக்கையில் இவ்வீட்டை எவருக்கேனும் கொடுத்தார்களா?"

"பத்திரம் எதுவும் இல்லை, ஹஜ்ரத்" என்றோம்.

அவர் கேட்டது ஒன்று. நாங்கள் சொன்னது மற்றொன்று. சொன்னது பொய்யன்று. ஆயினும் அது விடையும் அன்று. 1978ஆம் ஆண்டு ராத்தாவின் நிக்காஹ் முடிந்த இரவில் உம்மா தம் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து ராத்தாவின் கையில் வைத்து, "இனி இது உன் வீடு, நான் இதில் இருந்துகொள்பவள்" என்றார்கள். மூத்தவருக்கு அப்போது 17 வயது; நடுவருக்கு 14. இருவர் காதிலும் அது விழுந்தது. இளையவர் ஒன்பது வயதுச் சிறுவர், உறங்கிக் கொண்டிருந்தார். சில ஆண்டுகளில் ராத்தா கணவரோடு சென்னைக்குக் குடிபெயர்ந்தபோது சாவி மீண்டும் உம்மாவிடமே வந்தது. ஆதலால் அந்தச் சொல்லும் திரும்பிவிட்டதாக நாங்கள் எண்ணிக் கொண்டோம். எண்ணிக் கொள்வது எங்களுக்கு வசதியாகவும் இருந்தது.

விற்பனை பேச்சளவில் நிற்கையில் 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாட்களின் பெருமழை வந்தது. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. எங்கள் பூட்டிய வீட்டின் சாவியொன்று, உம்மா காலத்து வழக்கப்படி, பின்முடுக்கில் அடுத்த வீட்டாரிடம் இருந்தது. தங்கள் வீட்டில் நீர் புகுந்ததும் அவ்வீட்டுப் பெண்கள் பிள்ளைகளோடு எங்கள் மாடிக்கு ஏறியிருக்கின்றனர். ஏறுமுன், கீழறையில் கிடந்த உம்மாவின் மரப்பெட்டியையும் தூக்கிச் சென்றிருக்கின்றனர். தங்கள் பொருள் நனைந்து கொண்டிருக்கையில் அவர்கள் காத்தது எங்கள் உம்மாவின் பெட்டியை.

நீர் வடிந்த பின் நாங்கள் சென்றோம். பின்சுவர் சரிந்திருந்தது, முன்கூடத்தில் சேறு படிந்திருந்தது. மாடியில் பெட்டியைத் திறந்தோம். வீட்டு வரி ரசீதுகளோடு ஒரு கணக்கு நோட்டு இருந்தது. உம்மா பள்ளிக்கூடம் சென்றவர்களல்லர்; அவர்கள் தலைமுறைப் பெண்கள் பலரையும் போல் அரபுத்தமிழில் எழுதுவார்கள். அரபி எழுத்துகளில், அம்மொழியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டி எழுதப்படும் தமிழ் அது. ஓதத் தெரிந்தவர் முயன்றால் படித்துவிடலாம். நரைத்த தாடியுடன் மூவரும் மக்தப் பிள்ளைகள் போல் எழுத்துக் கூட்டிப் படித்தோம்.

பின்கட்டு அந்நாளில் வாடகைக்கு விடப்பட்டிருந்தது. 1979 முதல் மாதந்தோறும் வாடகை வரவு, ஒவ்வொரு வரவின் கீழும், "மகளுடையது." அதிலிருந்து வீட்டு வரி செலவு, "மகளுக்காகக் கட்டியது." முற்றத்து ஓடு மாற்றிய கூலி, "மகள் கணக்கில்." தம் செலவுக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுத்துக் கொண்டதாக இல்லை. நாற்பதாண்டுக் காலம் எங்கள் உம்மா தம் மகளின் வீட்டில்தான் குடியிருந்திருக்கிறார்கள். அதை அறியாதவர்களாக நடந்து கொண்டவர்கள் நாங்கள்.

நோட்டை எடுத்துக் கொண்டு மீண்டும் ஆலிமிடம் சென்றோம். முதன்முறை சொல்லாமல் விட்டதையும் சொன்னோம். அவர் கடிந்து கொள்ளவில்லை. ஹிபாவுக்குக் கொடுப்பவரின் சொல், பெறுபவரின் ஏற்பு, பொருள் கைமாறுதல் ஆகிய மூன்றும் வேண்டும். எழுத்து கட்டாயமன்று என்றார். நாட்டின் சட்டமும் அவ்வாறே: 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 129ஆம் பிரிவில் முஸ்லிம்களின் இம்முறைக்கு இடமளித்திருக்கிறது. ஒரே வீட்டில் தாயும் மகளும் வாழ்ந்தால் கைமாறியதா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. இந்நோட்டு அவ்வாதத்தில் மகளின் பக்கம் நிற்கிறது என்றார். பின்னர், "வழக்கென்று வந்தால் சாட்சி சொல்ல வேண்டியவர்களும் நீங்கள், அதனால் இழப்பவர்களும் நீங்கள். ஆகவே இது என்னிடம் கேட்க வேண்டிய கேள்வியன்று" என்று முடித்துவிட்டார்.

அன்றிரவு எங்களுக்குள் நிகழ்ந்ததை அழகுபடுத்திக் கூற விரும்பவில்லை. மூத்தவர்கள் இருவரும் விரைவில் ஒப்பினோம். எங்களுக்கு இழப்பைத் தாங்கும் வலு இருந்தது. இளையவருக்கு அந்த இரண்டு பாகம் கடனிலிருந்து மீளும் வழி. அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். அந்த மௌனத்தை நாங்கள் குறை கூற மாட்டோம். ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின், "உம்மா கணக்கு எழுதியிருக்கும்போது நான் வேறு கணக்கு எழுத முடியாது" என்றார். அவருடைய கடனில் ஒரு பகுதியை மற்ற இருவரும் ஏற்றோம். மீதியை அவர் இன்னும் அடைத்து வருகிறார்.

பட்டா உம்மாவின் பெயரிலேயே இருந்தமையால், 2024ஆம் ஆண்டில் ராத்தாவின் பெயருக்கு விடுதலைப் பத்திரம் பதிவு செய்து கொடுத்தோம். "உங்களுக்கு நினைவிருந்தும் ஏன் ராத்தா சொல்லவில்லை?" என்று கேட்டோம்.

"நீங்களும்தானே அங்கே இருந்தீர்கள், தம்பி" என்றார்.

இவ்வழக்கத்தைப் போற்றி மட்டும் எழுதிவிட்டால் அது நேர்மையாகாது. பெண்ணுக்கு வீடு கொடுத்தே மணம் முடிக்க வேண்டும் என்பது மார்க்கத்தின் கட்டளையன்று. பெண்மக்கள் பலரைப் பெற்ற எளியவரை அது கடனில் ஆழ்த்துகிறது; வீடில்லாத வீட்டுப் பெண்ணைக் காத்திருக்க வைக்கிறது. பெண்ணின் பாதுகாப்புக்காகத் தோன்றியது, மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கும் பொருளாகும்போது அதன் பொருளே மாறிவிடுகிறது. அதைத் திருத்த வேண்டும். ஆனால் மனமுவந்து கொடுக்கப்பட்ட ஒன்றை, எழுத்தில்லை என்பதற்காகத் திரும்ப எடுத்துக் கொள்வது திருத்தமாகாது. கொடுப்பவர்களும் உயிருள்ள போதே எழுதி வைத்துவிட்டால், பிள்ளைகள் இத்தகைய சோதனைக்கு உள்ளாக வேண்டியதில்லை.

ராத்தா இப்போது அவ்வீட்டில் இருக்கிறார். பின்சுவர் எழுப்பப்பட்டுவிட்டது. மாடியறை ஒன்றைத் தம்பிமார் வந்தால் தங்குவதற்கென ஒதுக்கியிருக்கிறார். நாங்கள் செல்லும்போது விருந்தினராகவே செல்கிறோம். திண்ணையில் நின்று ஸலாம் உரைத்த பின்னரே உள்ளே நுழைகிறோம். மற்றொரு சாவி முன்போலவே பின்முடுக்கில் அடுத்த வீட்டாரிடம் இருக்கிறது.