மலைக்கு அனுப்பிய செடி

கரையாம்புத்தூரிலிருந்து ஒரே பேருந்தில் பள்ளிக்கு வரும் தோழியர் நாங்கள் மூவர். சென்ற ஆண்டு தை மாதம் ஏற்காட்டிற்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். அங்கே இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையினர் 1963-ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய ஆர்க்கிட் பூங்காவைக் கண்டோம். மரக்கிளையைப் பற்றிக்கொண்டு, பஞ்சு போன்ற வேர்த்தோலால் மழைநீரை உறிஞ்சி வாழும் செடிகள் எங்கள் மனத்தைக் கொள்ளைகொண்டன. கைச்செலவுப் பணத்தை ஒன்றாகச் சேர்த்து, ஒரு நாற்றுப் பண்ணையில் சிம்பிடியம் என்னும் ஆர்க்கிட் செடியை வாங்கினோம். முதற்பூ எங்கள் உயிரியல் ஆசிரியை அருட்சகோதரிக்கே என்று வாக்கும் கொடுத்தோம்!

வாரத்திற்கு ஒருத்தியாக முறை வைத்துக்கொண்டோம். கரித்துண்டும் செங்கல் சில்லும் இட்ட தொட்டி, கீழே ஈரமணல், சுற்றிலும் நனைத்த கோணிச்சாக்கு, மேலே கீற்றுப் பந்தல். பங்குனி வரை செடி நன்றாகவே இருந்தது. அக்கினி நட்சத்திரம் பிறந்ததும் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின. "உன் முறையில்தான் தண்ணீர் ஊற்றவில்லை" என்றாள் ஒருத்தி. "நீதான் அதிகம் ஊற்றி வேரை அழுகவிட்டாய்" என்றாள் மற்றொருத்தி. ஆறாம் வகுப்பு முதல் ஒரே பலகையில் அமர்ந்த நாங்கள், பத்தாம் வகுப்பின் முதல் நாளன்று மூன்று மூலைகளில் அமர்ந்தோம்.

அருட்சகோதரி காரணம் கேட்டறிந்தார்கள். கடிந்துகொள்ளாமல் கரும்பலகையில் கணக்குப் போட்டார்கள். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம். ஆகவே 9 டிகிரி குறைவு. சிம்பிடியத்தின் மூதாதையரோ இமயச் சாரலின் முகில் தவழும் காடுகளைச் சேர்ந்தவை. பகலில் இலை சமைத்த உணவை இரவில் செடி சுவாசத்திற்குச் செலவிடுகிறது. இரவு குளிர்ந்தால் மிச்சம் சேரும். புழுங்கினால் சம்பாதித்ததெல்லாம் தீர்ந்துவிடும். மொட்டு விடுவதற்கும் 10 முதல் 15 டிகிரி வரையிலான குளிர் இரவுகள் வேண்டும். எங்கள் ஊர்க் கோடை இரவு 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது!

"உங்களில் எவர்மீதும் தவறில்லை" என்று அவர்கள் கூறியதும் நாங்கள் மூவரும் அழுதுவிட்டோம்.

செடியைப் பிரிய மனமில்லைதான். ஆயினும், ஏற்காட்டில் வசிக்கும் எங்களில் ஒருத்தியின் அத்தை ஆடி மாதம் ஊருக்கு வந்தபோது, ஈரச்சாக்கில் சுற்றி அவர்களிடம் கொடுத்தனுப்பினோம். அப்போது மூன்று இலைகளே மிஞ்சியிருந்தன.

கார்த்திகையில் கடிதம் வந்தது. செடியின் அடியில் புதுக் குருத்து ஒன்று வந்திருக்கிறதாம்! பூ இன்னும் இல்லை. வாக்கும் நிலுவையில்தான் இருக்கிறது. அக்கடிதத்தை நாங்கள் மூவரும் பழைய பலகையில் நெருங்கி அமர்ந்து படித்தோம். நேசிக்கும் உயிரை அதற்கேற்ற இடத்தில் வாழவிட வேண்டும் என்பதையும், காரணம் அறியுமுன் பழி சொல்லலாகாது என்பதையும் அச்சிறு செடியிடமே கற்றுக்கொண்டோம்.