வண்டி நிக்கும், தடி நிக்காது

உப்பு மூட்டை ஏற்றுகிறவர்களுக்குப் பேச நேரமிருக்காது. மூட்டைக் கணக்கில் கூலி. தூத்துக்குடியில் உப்பளத்தை ஒட்டிய ஒரு கிட்டங்கிக்கு நான் போனபோது பன்னிரண்டு சக்கர லாரி ஒன்று பாதி நிறைந்திருந்தது. பலகையேறி வருகிறவர் 50 கிலோ மூட்டையைத் தோளிலிருந்து சாய்க்கிறார். மேலே நிற்பவர், அது விழுகிற வேகத்திலேயே திருப்பி இடத்தில் உட்கார வைத்துவிடுகிறார். ஓரத்து மூட்டைகளின் தைத்த வாய் எப்போதும் உள்பக்கம். ஒரு வரிசை நீளவாக்கில் என்றால் அடுத்தது குறுக்குவாக்கில், கொத்தனார் செங்கல் வைப்பதுபோல. பாடியின் விளிம்பைத் தாண்டிய வரிசைகள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஒடுங்குகின்றன.

"மேல நிக்கவன் சரியில்லன்னா முத வளைவுலயே சரிஞ்சிரும் சார்" என்றார் மேஸ்திரி. தூக்குவது முதுகின் வேலை. அடுக்குவதுதான் தொழில் என்று எனக்குத் தோன்றியது.

சட்டம் முதலில் எடையைத்தான் கேட்கும். 2018இல் ஆக்ஸில் சுமை வரம்பை உயர்த்தினார்கள். இரட்டை ஆக்ஸிலுக்கு 19 டன்னாக இருந்தது 21 ஆனது. மீறினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், அதிகச் சரக்கை இறக்கியும் ஆக வேண்டும். ஆனால் வண்டியை முழுசாக ஏற்றி நிறுக்கும் எடைமேடைச் சீட்டில் மொத்தம் மட்டுமே இருக்கும். மொத்தம் சரியாக இருந்து ஓர் ஆக்ஸில் மட்டும் நசுங்கிக்கொண்டிருக்கலாம். டிரெய்லரில் இது இன்னும் சிக்கல். சரக்கு வாலுக்குப் போனால், இழுக்கும் வண்டியோடு டிரெய்லரை இணைக்கும் கிங்பின் பக்கம் லேசாகி, இழுக்கும் வண்டியின் பின்சக்கரங்களுக்குப் பிடிமானம் குறையும். மழைச் சாலையில் அப்போது ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. முன்னால் குவித்தால் இழுக்கும் வண்டியின் பின் ஆக்ஸில் திணறும்.

துறைமுகச் சாலையில் ஒரு யார்டில் மரத்தடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கப்பலில் வந்த தடிகள், செங்கோட்டைப் பக்கத்து மரக்கடைகளுக்குப் போகிறவை. தட்டையான டிரெய்லர், இரண்டு பக்கமும் இரும்பு முளைகள். கிரேன் தடியை இறக்கும்போது யாரும் கீழே நிற்பதில்லை, நீளக் கயிற்றால் தூர நின்றே திருப்புகிறார்கள். பருத்தவை அடியில். மேல் தடி, கீழே இருக்கும் இரண்டு தடிகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் இறங்கி உட்கார வேண்டும். ஒன்றின் முதுகில் ஏறி நின்றால் தூக்கி மறுபடி வைக்கிறார்கள். அப்புறம் செயின், முறுக்கு.

"இவ்வளவு கனம், எங்கே நகரப்போகுது?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"பிரேக்க அமுக்குனா வண்டி நிக்கும். தடி நிக்காதுல்லா?"

கனமான சரக்குக்குக் கட்டு வேண்டாம் என்ற நினைப்பு எனக்கு மட்டுமல்ல, சரக்கு அனுப்பும் பலருக்கும் உண்டு. பலமாக பிரேக் அடித்தால் சரக்கு தன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையோடு முன்னே தள்ளும் என்று கொண்டுதான் ஐரோப்பாவில் கட்டுகளைக் கணக்கிடுகிறார்கள்; வளைவில் பக்கவாட்டுக்குப் பாதி. 20 டன் தடி என்றால் கேபினை நோக்கி 16 டன். டிரைவரின் முதுகுக்கும் அதற்கும் இடையில் இருப்பது ஓர் இரும்புத் தடுப்பு.

டேங்கருக்கு வேறு கணக்கு: நிறைந்ததைவிடப் பாதி நிறைந்ததற்குத்தான் பயப்படுகிறார்கள். உள்ளே திரவம் அலையடிக்கும்.

எனக்கு மிகவும் நெருடலானது கன்டெய்னர்தான். நாலு மூலையிலும் ட்விஸ்ட் லாக்கைத் திருப்பிவிட்டால் பெட்டி வண்டியோடு ஒன்றாகிவிடும், பார்க்கப் பத்திரமாக இருக்கும். உள்ளே? வேறு ஊரில் வேறு யாரோ அடுக்கி, சீல் வைத்து அனுப்பியது. ஏற்றுமதிப் பெட்டியை எடை உறுதிசெய்யாமல் கப்பலில் ஏற்றக்கூடாது என்ற உலகளாவிய விதி 2016 ஜூலையில் வந்தது. நல்ல விதிதான். பெட்டிக்குள் ஒரு பக்கமாகக் குவித்திருக்கிறார்களா, இடைவெளியில் முட்டுக்கட்டை கொடுத்திருக்கிறார்களா என்பதை அந்த எண் சொல்லாது. சீலை உடைத்துப் பார்க்க டிரைவருக்கு உரிமையில்லை. கவிழ்ந்தால் வழக்கு மட்டும் அவர் பேரில்.

கட்டுவது யார் வேலை என்பதிலும் இதே கதைதான். ஏற்றுகூலி மூட்டைக்கும் டன்னுக்கும் பேசப்படுகிறது. படுதா விரித்து, கயிறு இழுத்து, செயினை முறுக்குவது பெரும்பாலும் டிரைவர் தலையில் விழுகிறது. தடி ஏற்றிய வண்டியின் டிரைவர் புறப்படும் முன் இன்னொரு சுற்று வந்தார்.

"வாகைக்குளத்துல நிறுத்தி மறுபடி பாப்பேன் சார். ஓட ஓட தடி ஒண்ணுக்குள்ள ஒண்ணு இறங்கிரும், செயின் தொளதொளன்னு ஆயிரும். முன்ன கிளீனர் இருந்தான், அவன் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் முறுக்குவோம். இப்ப கிளீனருக்குச் சம்பளம் கட்டுபடியாகலன்னு ஓனரு சொல்லிட்டாக."