அதிரச மாவும் ஆயத்த நாட்களும்



திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரத்தில் இருக்கிறோம். வழக்கமாக இவ்வாரத்தில் யோவான் ஸ்நானகனைக் குறித்து எழுதுவேன். இம்முறை உங்களைக் குருமனையின் அடுப்படிக்கு அழைக்கிறேன். அங்கே நான் கற்ற பாடத்தைப் பிரசங்க பீடத்திலிருந்து சொல்லக் கூச்சமாயிருந்தது, ஆகவே எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்துமஸ் இரவு. வாழ்த்த வந்தவர்கள் எல்லோரும் விடைபெற்றுச் சென்றுவிட்டார்கள். என் மனைவி வடைச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்போது என்னைப் பார்த்து, "இன்றைக்கு எந்த வசனத்தின்மேல் பிரசங்கம் செய்தீர்கள்?" என்று கேட்டார். அதில் குறைகூறும் தொனி இல்லை. அறிந்துகொள்ளும் விருப்பமே இருந்தது. பதில் சொன்னேன். ஆனால் அன்றிரவு நெடுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை.

குருமனைக்கும் ஆலயத்துக்கும் இடையே 40 அடி தூரம்கூட இல்லை. ஆயினும் இச்சபைக்கு வந்த பின் எந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையிலும் அவர் முழுமையாக அமர்ந்ததில்லை என்பதை அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். முதல் கீர்த்தனைக்கு வருவார். பிரசங்கத்துக்கு முன் எழுந்துபோவார். மந்தையை விட்டுவிட்டுப் பெத்லகேமுக்கு விரைந்த மேய்ப்பர்களைக் குறித்து நான் உருக்கமாய்ப் பேசிக்கொண்டிருந்த வேளையில், என் வீட்டிலேயே ஒருவர் அடுப்பை விட்டு வர முடியாமல் நின்றுகொண்டிருந்தார். வந்தவர்களை வாயார வரவேற்றவன் நான். ஆனால் உண்மையில் அவர்களை உபசரித்தவை அவருடைய கைகள்.

மறுநாள் என் தாயாரின் நினைவு வந்தது. பொறையாற்றில் கழிந்த என் இளமையில், கிறிஸ்துமஸ் எங்கள் வீட்டுக்கு 20ஆம் தேதியே வந்துவிடும். அன்றுதான் அம்மா அதிரசத்துக்கு அரிசி ஊறவைப்பார். தீபாவளிக்கு அண்டை வீட்டிலிருந்து எங்களுக்கு வந்த தட்டில் இருந்ததும் அதிரசமே; கிறிஸ்துமஸுக்கு நாங்கள் திருப்பி அனுப்பிய தட்டில் இருந்ததும் அதிரசமே.

அதிரசம் செய்த கைகளுக்குத் தெரியும், அது அவசரத்துக்கு இணங்காத பண்டம். ஒரு கிலோ பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் துணிமேல் பரப்ப வேண்டும். முழுவதும் காய்ந்துவிடக் கூடாது. கையில் ஈரம் தெரியும்போதே இடித்துச் சலிக்க வேண்டும். முக்கால் கிலோ வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்சி, ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் அது கரையாமல் மெதுவாக உருண்டு வரவேண்டும். அடுப்பிலிருந்து இறக்கி, ஏலமும் சுக்கும் தூவி, மாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளற வேண்டும். மேலே நெய் தடவி, வெள்ளைத் துணியால் வாய்கட்டி, இரண்டு மூன்று நாள் வைத்துவிட வேண்டும். மாவு பாகை உறிஞ்சி இறுக அந்த அவகாசம் தேவை. பொறுக்காமல் உடனே தட்டிப் போட்டால் எண்ணெயில் உதிர்ந்து பிரிந்துபோகும். "மாவு ஊறட்டும், நாம் சும்மா இருந்தாலும் அது வேலை செய்யும்" என்பார் அம்மா.

டெல்டா மக்களாகிய நமக்கு இது புதிதன்று. இந்த டிசம்பரில் நம் ஊரைச் சுற்றிப் பசுமையாய் நிற்கும் சம்பாப் பயிரைப் பாருங்கள். நடவுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே நாற்றங்காலில் விதை விட்டவனே நடவு நாளில் வயலில் இறங்க முடிந்தது. நடவன்று காலையில் விதையைத் தேடுகிற உழவன் யாருமில்லை. ஆனால் பண்டிகை என்று வந்தால் மட்டும், எல்லா வேலையையும் அந்த ஒரே நாளின் தலையில் ஏற்றுகிறோம். அதைப் பெரும்பாலும் வீட்டில் ஒரே ஒருவரின் தோளில் வைக்கிறோம்.

மார்த்தாள், மரியாளின் வரலாற்றை லூக்கா 10ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நம் தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் தமிழ்ப் புதிய ஏற்பாடு முதன்முதலாக அச்சாகி நிறைவேறிய 1715ஆம் ஆண்டுமுதல் இந்நாட்டுக் குருமார் அதைத் தமிழில் வாசித்துப் பிரசங்கித்து வருகிறார்கள். நானும் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மார்த்தாள்களைப் பார்த்து, "கவலைப்படாதீர்கள்" என்று சொன்னேன். பின்பு வீட்டுக்குப் போய், உணவு ஆயத்தமா என்று கேட்டேன்.

அதே லூக்கா, 22ஆம் அதிகாரத்தில் வேறொரு சமையலைக் குறித்துச் சொல்லுகிறார். பஸ்காவை ஆயத்தப்படுத்தும்படி ஆண்டவர் இருவரை முன்னதாக அனுப்பினார். அவர்கள் பேதுருவும் யோவானும். வழிகாட்டியாய் அவர்கள் பின்தொடர வேண்டியிருந்தவனும் தண்ணீர்க்குடம் சுமந்து வந்த ஓர் ஆண்மகன். ஆயத்தம் முன்பே முடிந்திருந்தபடியால், வேளை வந்தபோது அந்த இருவரும் மற்றவர்களோடு பந்தியில் அமர்ந்தார்கள். இத்தனை ஆண்டுகளாக நற்கருணை பரிமாறிய நான், அந்தப் பந்திக்குச் சமைத்தவர்கள் யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஆகவே கடந்த ஆண்டு, டிசம்பர் 20 அன்று, நானே அரிசி ஊறவைத்தேன். பாகின் பதத்தை மட்டும் மனைவி பார்த்துச் சொன்னார். மாவு மூன்று நாள் ஊறியது. 23ஆம் தேதி இருவரும் அமர்ந்து தட்டிச் சுட்டோம். இரு கரண்டிகளுக்கிடையே எண்ணெயைப் பிழிந்தெடுப்பது என் வேலை. அன்று மாலையே நல்லெண்ணெயில் புளிக்காய்ச்சலைச் சுண்டக் காய்ச்சி, எண்ணெய் பிரிந்து மேலே வந்ததும் இறக்கி ஆறவைத்தோம். பண்டிகையன்று சாதம் வடித்துக் கிளறினால் போதும். வெளிநாட்டில் குடியிருக்கும் நம் சபைப் பிள்ளை ஒருத்தி, உருளைக்கிழங்கை மசித்து வெண்ணெயும் பாலேடும் சேர்த்துத் தட்டில் பரப்பி, முந்தின நாளே குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுவாளாம். விருந்தன்று சூடாக்குவது மட்டுமே வேலையாம். ஊர் வேறு, பண்டம் வேறு, எண்ணம் ஒன்றே.

அந்தக் கிறிஸ்துமஸ் மதியம் பந்தியில் புளிச்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், அதிரசம். "இந்த வருஷம் பிரியாணி இல்லையா, ஐயா?" என்று ஒரு பெரியவர் கேட்கத்தான் செய்தார். ஒரு கணம் நாணினேன், பிறகு சிரித்துவிட்டேன். ஏனெனில் அன்று அதிகாலை ஆராதனையில், இரண்டாம் வரிசையில், ஆசீர்வாதம் கூறும்வரை என் மனைவி அமர்ந்திருந்தார். இரவில் நானே ஆவலாய், "பிரசங்கம் எப்படி?" என்று கேட்டேன். "நன்றாயிருந்தது, கொஞ்சம் நீளம்" என்றார். அதைவிட இனிய கிறிஸ்துமஸ் பரிசு எனக்குக் கிடைத்ததில்லை.

அன்பானவர்களே, பண்டிகைக்கு இன்னும் நாட்கள் உண்டு. இவ்வாரம் உங்கள் வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: "சென்ற கிறிஸ்துமஸில் நீ ஆராதனையில் இருந்தாயா?" விடையை அமைதியாய்க் கேளுங்கள். பின்பு எதை முன்பே செய்துவைக்கலாம், எதைச் செய்யாமலே விடலாம் என்று கூடிப் பேசுங்கள். சகோதரரே, அரிசி ஊறவைப்பது கடினமன்று. வாலிபப் பிள்ளைகளே, முறுக்குப் பிழியக் கைகள் தேவை. தனியே வாழும் மூதாட்டி உங்கள் தெருவில் இருந்தால், அவருக்கும் சேர்த்து மாவு கிளறுங்கள். குருமனைக்கு வருகிறவர்களுக்கு இவ்வாண்டும் புளிச்சாதமே, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஜெபம்: எங்கள் பந்திக்கு விருந்தினராய் வரும் ஆண்டவரே, எங்களுக்காக உழைத்த கைகளை நாங்கள் காணத்தக்கதாக எங்கள் கண்களைத் திறந்தருளும். வேலையைப் பகிர்ந்துகொள்ளும் மனதை எங்களுக்குத் தாரும். உமது பிறந்தநாளில் எங்கள் வீட்டார் ஒருவரும் வெளியே நில்லாமல், எல்லாரும் உமது சமுகத்தில் ஒன்றாய் அமரக் கிருபை செய்யும். ஆமென்.