புழுக்கத்தில் ஓட்டம்: சில குறிப்புகள்

விடிய இன்னும் நேரம் இருக்கிறது. பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை. ஒரு இலைகூட அசையவில்லை.

நாளில் வெப்பம் குறைந்த நேரம் இதுதான். காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும் நேரமும் இதுதான். ஒன்றை விட்டு ஒன்று கிடைக்காது.

கடல்காற்று மதியவாக்கில்தான் வரும். அப்போது வெயில்.

சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. ஆவியாகிற வியர்வைதான் குளிர்விக்கும். முழங்கை நுனியிலிருந்து தரையில் விழுந்ததெல்லாம் வீண்.

ஓடும்போது உடல் எரிக்கும் ஆற்றலில் முக்கால் பங்கு வெறும் சூடாகிறது. சூட்டை வெளியேற்றத் தோலுக்கு ரத்தம் வேண்டும். ஓடக் காலுக்கு ரத்தம் வேண்டும். இதயம் ஒன்றுதான்.

அதே வேகம். ஆனால் இரண்டாவது கிலோமீட்டரில் இருந்த துடிப்பு பத்தாவதில் இல்லை. ஏறிக்கொண்டே போகிறது. வாட்சில் வேகத்தைப் பார்க்காதே. பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா, அதைப் பார்.

தெருக் கூட்டும் அம்மா. சேலை, அதன் மேல் ஆண்கள் சட்டை, அதன் மேல் ஒளிரும் கோட்டு. மூன்று அடுக்கு.

ஓடுகிறவர்கள் போட்டிருப்பது வலை போல மெல்லிய ஒரே துணி.

கருப்பு டீ-ஷர்ட் காய்ந்ததும் முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள்.

வெக்கைக்கு உடம்பு பழகப் பத்துப் பதினாலு நாள். வியர்வை முந்தி வரும், நிறைய வரும், அதில் உப்பு குறையும். ரத்தத்தில் நீர் கூடும். விட்டுவிட்டால் சில வாரங்களில் எல்லாம் போய்விடும். சேர்த்து வைக்க முடியாது.

தோஹா, 2019. உலகத் தடகளப் போட்டி, பெண்கள் மாரத்தான். நள்ளிரவில் தொடங்கினார்கள். வெப்பம் 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். புறப்பட்டவர்கள் 68. முடித்தவர்கள் 40.

வெயிலே இல்லை.

சிவநாத் சிங். ஜலந்தர், 1978. மாரத்தான், 2 மணி 12 நிமிடம். மே மாதத்தில். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த இந்தியச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை.

ஷூ. மழை இல்லாத நாளிலும் ஒரு மணி நேரத்தில் சொதசொதவென்று ஆகிவிடும். தொடையில் வழிந்தது சாக்ஸ் வழியாக இறங்கிவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் உள்ளட்டையை உருவி எடுத்துவிட்டு, பழைய பேப்பரைக் கசக்கித் திணிக்க வேண்டும். அரை மணியில் பேப்பர் கனத்துவிடும். எடுத்துப் போட்டு வேறு திணி. வெயிலில் வைக்காதே, பசை விட்டுவிடும்.

மோர். உப்பு கொஞ்சம் தூக்கலாக. பெருங்காயம், கறிவேப்பிலை.

மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே வெறும் தண்ணீராக அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். அதிலும் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். தாகம் எடுத்தால் குடி. அது போதும்.

கூட ஓடுகிறவருக்குப் பேச்சு குளறினால், போகிற திசை தெரியாமல் அவர் தடுமாறினால் உடனே நிறுத்து. உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். ஆம்புலன்ஸைக் கூப்பிடு. அது வரும்வரை சும்மா இருக்காதே. ஐஸ் தண்ணீரில் அமுக்கு. தொட்டி இல்லையா, வாளி வாளியாக ஊற்று. முதலில் குளிரட்டும், பிறகு ஏற்றலாம். ஓட்டக் குழுவில் ஒவ்வொருவருக்கும் இந்த வரிசை தெரிந்திருக்க வேண்டும்.

சென்னை மாரத்தான் ஜனவரியில். பயிற்சி தொடங்குவது ஆகஸ்ட் வாக்கில். நடுவில் வடகிழக்குப் பருவமழை. தேங்கிய தண்ணீருக்கு அடியில் பள்ளம் தெரியாது.

கத்திரி நாட்களில் அறிவிப்பு வரும்: பகல் 12 முதல் 3 வரை வெளியே வர வேண்டாம். எதிரே கட்டடத்தில் சித்தாள்கள் செங்கல் சுமக்கிற நேரம்.

வெக்கையில் சாகும் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே விழுகிறார்கள். புதிதாக வந்தவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை மட்டும் கொடு, பிறகு நாளுக்கு நாள் கூட்டு என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம்.

ஓட்டப் பயிற்சியாளர்கள் சொல்வதும் இதையேதான்: மெல்லக் கூட்டு.

மேஸ்திரிகளிடம் இதை யார் சொல்வது?