வேளாங்கண்ணி வழியும் முதுகுவலியும்

ஆவணித் திங்கள் பிறந்துவிட்டால் நம் பங்குகளில் வேளாங்கண்ணிப் பயணப் பேச்சு எழுந்துவிடும். ஆகஸ்டு 29-இல் கொடியேறி, செப்டம்பர் 8-இல் அன்னையின் பிறப்பு விழாவோடு நிறைவுறும் அந்நாள்களில், சென்னையிலிருந்து கடலோரமாகப் பேருந்துகள் அணியணியாய்ச் செல்லும். மாமல்லபுரம், புதுவை, கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் என 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நெடுவழி அது.

பங்கு மக்களுடன் இவ்வழியே பலமுறை சென்ற நாம் மீண்டும் மீண்டும் காணும் காட்சி ஒன்றுண்டு. ஆண்டு முழுதும் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, நேர்ச்சை செலுத்த வந்த மூதாட்டியர் சிலர், இறங்கியதும் நிமிர இயலாமல் பேருந்தின் கம்பியைப் பற்றி நிற்பர். மற்றவர்கள் பேராலயத்தில் இருக்க, இவர்கள் விடுதியில் தைலம் தடவிப் படுத்திருப்பர். "வயதாயிற்று, தூரமும் அதிகம்" என்று நாமும் ஆறுதல் கூறிவிடுகிறோம். ஆயினும் பல மணி நேரம் அசையாது அமர்ந்திருந்ததே இத்துன்பத்திற்குப் பெருங்காரணம்.

நம் இடுப்பில் ஐந்து முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றின் இடையே மெத்தைபோல் வட்டத் தட்டுகள் அமைந்துள்ளன. நிற்கும்போதைவிட அமரும்போது, அதிலும் முன்குனிந்து அமரும்போது, அத்தட்டுகளின்மேல் அழுத்தம் மிகுவதைச் சுவீடன் நாட்டு மருத்துவர் நாகெம்சன் 1960-களில் அளந்து காட்டினார். வளர்ந்தோரின் தட்டுகளுக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. சுற்றியுள்ள பகுதிகளிலிருந்தே ஊட்டம் ஊறி வரவேண்டும். அதற்கு உடலின் அசைவு துணைபுரிகிறது. போதாக்குறைக்கு வண்டியின் குலுக்கல் வேறு. பின்சக்கரத்தின் மேலும் அதற்குப் பின்னும் உள்ள இருக்கைகளில் அது மிகுதி; நடுப்பகுதியில் குறைவு.

நம் பேருந்துகளில் நடப்பதென்ன? முந்தி ஏறுவோர் நடு இருக்கைகளைப் பிடித்துக்கொள்ள, மெல்ல ஏறும் முதியோர்க்கும் கைக்குழந்தையுடன் வரும் தாய்மார்க்கும் கடைசி வரிசையே எஞ்சுகிறது. பயணத்தை ஏற்பாடு செய்வோர் இந்த இருக்கைகளை முன்னரே அவர்களுக்கென ஒதுக்கி வைப்பாராக.

அமர்வோரும் சிலவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். துண்டொன்றைச் சுருட்டி இடுப்பின் வளைவில் வைத்துச் சாய்ந்து அமர்க. கால் தரையில் எட்டாதோர் பை ஒன்றைக் காலடியில் இட்டுக்கொள்க. ஆடவர் பின்பையிலுள்ள பணப்பையை எடுத்துவிடுக. அது இடுப்பை ஒருபுறம் சாய்த்துவிடும்.

எல்லாவற்றிலும் மேலானது இறங்கி நடப்பது. மாமல்லபுரம், புதுவை, சிதம்பரம், தரங்கம்பாடி ஆகிய நான்கிடங்களில் வண்டியை நிறுத்தலாம். தரங்கம்பாடியில் டேனியர் 1620-இல் எழுப்பிய கோட்டை கடலை நோக்கி நிற்கிறது. அதன் முன்னே கடற்காற்றில் பத்து நிமிடம் நடப்பது பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடம், பெரியோர்க்கு மருந்து.

வேளாங்கண்ணியில் இறங்கியவுடன் அரிசி மூட்டையையும் பாத்திரங்களையும் தூக்க விரைய வேண்டா. விறைத்த முதுகுக்குச் சற்று நேரம் கொடுங்கள். பின்னர் முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்து, இடுப்பைத் திருகாமல் தூக்குங்கள். மாதா குளத்திற்குச் செல்லும் மணற்பாதையில் முழந்தாளிட்டு நடக்க நேர்ந்துகொண்டோர், ஓரிரவு படுத்தெழுந்து மறுநாள் தொடங்குவது நலம்.

வலியோடு கால் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ தைலத்தை நம்பிக் காத்திராது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நான்கு முறை வண்டியை நிறுத்துவதால் ஒரு மணி நேரம் தாமதமாகலாம். ஆகட்டும். உடன்வந்த பாட்டி தம் காலால் நடந்து அன்னையின் திருமுன் நிற்பதைவிட அந்த ஒரு மணி நேரம் பெரிதா?