எந்த வண்டி நம்ம வண்டி?

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியதுமே பாதிப்பேர் கவிதைக்குப் போய்விட்டார்கள், மீதிப்பேர் 'நட்பு' என்ற தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கவிதை வராது. ஆனால் மூன்று மாதமாக எங்கள் வீட்டில் ஒரே பேச்சு, புது மோட்டார் சைக்கிள்! அதையே எழுதிவிடுகிறேன். வண்டி வாங்கப் போகிற யாருக்காவது உதவினால் சரி.

எங்க வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான்தான். அப்பா மூணாங்கிளாஸ். தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளைக்குள் சாமான் அடுக்குகிற வேலை. அம்மா முந்திரி சீசனில் கொட்டை உடைக்கப் போவாங்க. அதனால் கரண்ட் பில், ரேஷன் கார்டு, குழுக் கடன் பேப்பர் என்று எழுத்து இருக்கிற எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். வண்டி விஷயமும் அப்படித்தான் வந்தது.

"நீ படிச்சவன். எந்த வண்டின்னு நீயே பாத்துச் சொல்லு. ஆனா பெருசா இருக்கணும். நாலு பேரு திரும்பிப் பாக்கணும்" என்றார் அப்பா.

கவனியுங்கள்! பெரிய வண்டி கேட்டது பதினெட்டு வயசுக்காரன் இல்லை, ஐம்பதை நெருங்குகிற அப்பா. அவரிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். "இருவது வருஷமா இதுலயே மூட்டை ஏத்திக்கிட்டுப் போயிட்டேன். காலேஜுக்குப் போற புள்ளை நீயாவது நல்ல வண்டியில போ" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

எந்த வண்டி நல்ல வண்டி என்று யாரிடம் கேட்டாலும் தான் வைத்திருக்கிற வண்டியைத்தான் சொல்லுவார்கள். ஹாஸ்டல் நண்பன் ஒருவன் ஆர்-15 என்கிறான். பஸ்ஸில் கூட வருகிறவர் புல்லட்டுக்கு ஈடு உண்டா என்கிறார். எல்லாருமே உண்மைதான் சொல்கிறார்கள், அவரவர் ஓட்டுகிற விதத்துக்கு! நம்ம லேபில் என்ன செய்கிறோம்? களிமண்ணை முதலில் சோதிக்கிறோம். எவ்வளவு சுருங்குது, எந்தச் சூட்டைத் தாங்குது என்று பார்த்த பிறகுதான் சூளையைப் பற்றிப் பேச்சு. வண்டிக்கும் அதையே செய்தால் என்ன என்று தோன்றியது. ஒரு நாற்பது பக்க நோட்டில், ஒரு வாரத்துக்கு எங்கள் வீட்டில் யார் எங்கே போகிறார்கள், எத்தனை கிலோமீட்டர், பின்னால் யார், என்ன சுமை என்று எழுதினேன். பஸ்ஸில் போனதையும், வண்டி இருந்தால் வண்டியில் போயிருப்போம் என்று கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

எங்க ஊரிலிருந்து விருத்தாசலம் 14 கி.மீ. வாரத்தில் ஆறு நாள் அப்பாவும் நானும் ஒரே திசையில்தான் போகிறோம், வருகிறோம். அது மட்டும் இரண்டு பேராக 170 கி.மீ. தோப்புக்கும் சந்தைக்கும் சுமையோடு 40. நான் தனியாகப் போனது வெறும் 20. மொத்தம் 230. உளுந்தூர்பேட்டைக்குப் போய் நாலுவழிச் சாலையில் ஏறி விரட்டியது? ஒரு கிலோமீட்டர் கூட இல்லை! இதுதான் எங்க வீட்டின் 'ரைடிங் ஸ்டைல்'. கேட்க அழகாக இல்லைதான். ஆனால் வண்டி ஓடப் போவது இந்த 230-இல்தானே.

இனி கொஞ்சம் டெக்னிக்கல். பயப்பட வேண்டாம், சுருக்கமாகத்தான்.

நம்ம ஆட்கள் வண்டியை சிசி வைத்து எடை போடுகிறார்கள். சிசி மட்டும் வைத்துக் குணத்தைச் சொல்ல முடியாது. மூன்று வண்டிகளைப் பாருங்கள். 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்.எக்ஸ்.100-க்கு 98 சிசி, டூ ஸ்ட்ரோக், சுமார் 11 குதிரைத் திறன். ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ் 97.2 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், சுமார் 8. டி.வி.எஸ். எக்ஸ்.எல்.100-க்கு 99.7 சிசி, ஆனால் நாலே கால்தான். மூன்றுமே நூறு சிசிதான், ஆனால் ஒன்று சீறும், ஒன்று நடக்கும், ஒன்று சுமக்கும். எக்ஸ்.எல்-இன் முழு இழுவையும் 3,500 சுற்றிலேயே வந்துவிடுகிறது. ஸ்ப்ளெண்டருக்கு 6,000 சுற்று வேண்டும். மெதுவாகப் போகும்போதே இழுக்கிற வண்டிதான் மூட்டைக்காரனுக்கு வேண்டும். அதனால்தான் 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ்.50 வந்த நாளிலிருந்து நம்ம கிராமங்களில் அந்த இனம் இன்றுவரை அழியவில்லை.

பெரிய வண்டிகளிலும் இதே கதைதான். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு 20 குதிரைத் திறன், யமஹா ஆர்-15-க்கு 18. ஏறக்குறைய ஒன்று போலத் தெரிகிறதல்லவா? ஆனால் கிளாசிக்கின் முறுக்கு விசை 27 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 சுற்றில். ஆர்-15-க்கு 14.2, அது 7,500 சுற்றில். முறுக்கு விசையையும் சுற்று வேகத்தையும் பெருக்கினால் வருவதுதான் திறன். ஆகவே கிளாசிக் குறைந்த சுற்றில் அமைதியாக இழுத்துக்கொண்டு போகும், கியரை அடிக்கடி மாற்ற வேண்டாம். ஆர்-15-ஐ முறுக்கினால்தான் அது விழித்துக்கொள்ளும், கியரை மாற்றிக்கொண்டே இருக்கப் பிடித்தவனுக்கு அதில்தான் சந்தோஷம். எடையில் கிளாசிக் 195 கிலோ, ஆர்-15 அதைவிட 50 கிலோவுக்கு மேல் குறைவு. நீண்ட தூரம் நேர் ரோட்டில் ஒரே சீராகப் போகிறவருக்கு ஒன்று, வளைவும் வேகமும் பிடித்த ஒல்லிப் பையனுக்கு இன்னொன்று. (எனக்கு எது பிடிக்கும் என்று கேட்காதீர்கள். இந்தக் கட்டுரையை அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது!)

உட்காருகிற விதத்தை ஷோரூமில் யாரும் பேசுவதே இல்லை. கலரைக் காட்டுவார்கள், டயலில் போன் நம்பர் தெரியும் என்பார்கள். ஆர்-15-இன் ஹேண்டில் தாழ்வு, கால் வைக்கிற இடம் பின்னால். உடம்பு முன்பக்கம் சாயும், வேகத்தில் காற்றைக் கிழிக்க அதுதான் சரி. ஆனால் பின் சீட் உயரத்தில் சின்னதாக இருக்கிறது. அதில் புடவை கட்டிய அம்மா ஒருபக்கமாக எப்படி உட்காருவாங்க? மோட்டார் வாகன விதியிலேயே பின்னால் இருப்பவருக்குப் பிடிப்பும், கால் வைக்க இடமும், துணி சக்கரத்தில் சிக்காமல் தடுப்பும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஸ்டைலுக்காக அந்தத் தடுப்பைக் கழற்றிப் போடுகிற நண்பர்கள் தயவுசெய்து அம்மாவையோ தங்கச்சியையோ ஏற்றுமுன் ஒருமுறை யோசியுங்கள்.

சீட் உயரமும் முக்கியம். ஆர்-15 815 மில்லிமீட்டர், கிளாசிக் 805, ஸ்ப்ளெண்டர் 785. மூன்று சென்டிமீட்டர்தானே என்று நினைக்கலாம். அப்பா ஐந்தடி மூணு அங்குலம். மழையில் ஊறின செம்மண் ரோட்டில், பின்னால் சுமையோடு நிற்கும்போது, பாதம் முழுக்கத் தரையில் பதிகிறதா, விரல் நுனி மட்டும் தொடுகிறதா என்பது அந்த மூன்று சென்டிமீட்டரில்தான் இருக்கிறது.

பிரேக் பற்றி ஒரு வார்த்தை. 2019 ஏப்ரலில் வந்த விதிப்படி 125 சிசிக்கு மேல் ஏ.பி.எஸ்., அதற்குக் கீழே குறைந்தது சி.பி.எஸ். ஏ.பி.எஸ். என்றால் அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடாது. சி.பி.எஸ். என்றால் பின் பிரேக்கைப் பிடிக்கும்போதே முன் பிரேக்கும் சேர்ந்து கொஞ்சம் பிடிக்கும். சரளையில் ஓட்டுகிறவன் முன் பிரேக்கைத் தொடவே பயப்படுவான், எங்க அப்பா மாதிரி. அவருக்கு இது பெரிய உதவி. இந்த ஒன்றில் பெரிய வண்டிதான் மேல் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

நம்ம டிபார்ட்மெண்டுக்கு மோட்டார் சைக்கிளில் என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்காக: ஸ்பார்க் பிளக்கில் வெள்ளையாக இருக்கிறதே, அது அலுமினா. பல ஆயிரம் வோல்ட்டைக் கசியவிடாமல், நெருப்புக்குள்ளேயே தலையை நீட்டிக்கொண்டு நிற்பது செராமிக்தான்! விருத்தாசலத்தில் பியூஸ் கட்டை சுடுகிற நமக்கு அது தூரத்துச் சொந்தம்.

சரி, பணம். வண்டியின் விலை வேறு, ரோட்டுக்கு வருகிற விலை வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம் ஆனது நல்ல விஷயம். ஆனால் நம்ம மாநில வாழ்நாள் சாலை வரி, 2023 நவம்பரில் மாற்றியபடி, ஒரு லட்சம் ரூபாய் வரையான வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12. அதோடு இன்சூரன்ஸ், அதில் மூன்றாம் நபர் காப்பு ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும்.

டியூ விஷயத்தில்தான் நான் படித்ததற்குப் பலன் கிடைத்தது. ஒரு பைனான்ஸ்காரர், "அறுபதாயிரம் கடன், பத்து பர்சென்ட் வட்டி, ரெண்டு வருஷம், மாசம் மூவாயிரம்தான் தம்பி" என்றார். வருஷத்துக்கு ஆறாயிரம் வீதம் வட்டி பன்னிரண்டாயிரம், மொத்தம் 72,000, இருபத்துநாலால் வகுத்தால் 3,000. கணக்கு சரி! ஆனால் மாதாமாதம் அசலும் குறைந்துகொண்டே வருகிறதே? வட்டியை மட்டும் கடைசி வரை அறுபதாயிரத்துக்கே போடுகிறார். கையில் மிச்சம் நிற்கிற அசலுக்கு மட்டும் என்று போட்டுப் பார்த்தால் உண்மையான வட்டி ஏறக்குறைய 18 சதவீதம் வருகிறது. இரவு பதினோரு மணிக்குக் கால்குலேட்டரோடு இதைச் சொன்னபோது அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இத்தனை வருஷமா வாங்குன கடனெல்லாம்?" என்று கேட்டார்.

பெரிய வண்டிக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் கடன் என்று வையுங்கள். அதே பத்து பர்சென்ட், மூன்று வருஷம். மாதம் 5,778 ரூபாய். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல். மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 60 கொடுக்கிற வண்டி என்றால் சுமார் 1,700. 35 கொடுக்கிற வண்டி என்றால் 2,900. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மாதம் நாலாயிரம் ரூபாய் வித்தியாசம். டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேர வேண்டும் என்று நான் நினைத்திருக்கிறேன். அந்த நாலாயிரம் எங்கே போக வேண்டும் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.

அப்பா அப்போதும் விடவில்லை. "கடன் என் கடன். நீ எதுக்குக் கணக்குப் பாக்குற? ஆசை இல்லையா உனக்கு?"

ஆசை இல்லாமல் என்ன! ஆனால் நோட்டில் இல்லாத ஒரு கணக்கும் இருந்தது. இன்னும் ஒன்றரை வருஷத்தில் நான் வெளியூர் போய்விடுவேன். அதற்கப்புறம் பத்து வருஷம் இந்த வண்டியை ஓட்டப் போவது யார்? அப்பாதான். அவருடைய காலுக்கு எட்டாத, கைக்கு அடங்காத வண்டியை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு நான் போய்விட்டால், அவர் மறுபடியும் அந்தப் பழைய எக்ஸ்.எல்-லைத்தான் உதைத்துக் கிளப்புவார். இதைச் சொன்னேன். "எனக்கா வண்டி வாங்குறோம்?" என்று சிரித்தார். அவர் கணக்கில் அவரே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஸ்ப்ளெண்டர் என்று முடிவானது. இன்னொரு காரணமும் உண்டு. அதில் நாலு கியரும் ஒரே பக்கம், முன்னால் மிதித்துக்கொண்டே போகலாம். ஒன்று கீழே, மீதி மேலே என்கிற குழப்பம் கிடையாது. கியர் வண்டியே ஓட்டாதவருக்கு இது வசதி. மெக்கானிக் அண்ணனின் பழைய வண்டியை இரவல் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் களத்துமேட்டில் பழகுகிறோம். ஆயிரத்து இருநூறு டிகிரி சூளைக்குப் பக்கத்தில் அசராமல் நிற்கிற மனுஷன், கிளட்சை விடும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறார்! முதல் நாள் பதினோரு தடவை வண்டி அணைந்தது. போன வாரம் இரண்டே தடவை.

அவருடைய லைசென்ஸ் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். கியர் வண்டிக்குத் தனியாக எல்.எல்.ஆர். எடுத்து, முப்பது நாள் கழித்து ஓட்டிக் காட்ட வேண்டும். எல்.எல்.ஆருக்குக் கம்ப்யூட்டரில் பரீட்சை, தமிழிலேயே எழுதலாம். இப்போது தினமும் ராத்திரி சாப்பிட்டதும் சாலைக் குறிகளை அட்டையில் வரைந்து காட்டுகிறேன். தங்கச்சி கேள்வி கேட்கிறாள், அப்பா எழுத்துக்கூட்டிப் படித்துப் பதில் சொல்கிறார். 'முந்திச் செல்லாதே' குறியும் 'ஹாரன் அடிக்காதே' குறியும் அவருக்கு இன்னும் மாறிப்போகிறது. வருகிற செவ்வாய்க்கிழமை பரீட்சை. கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லியிருக்கிறார், எதற்கென்று மட்டும் மேஸ்திரியிடம் சொல்லவில்லையாம்.