நீலத்தில் நின்ற குமிழ்

புதுவை வெயிலில் வாழும் நமக்குக் காரில் ஹீட்டர் எதற்கு? எங்கள் பழைய காரில் அப்படி ஒன்று இருப்பதையே நாங்கள் மறந்திருந்தோம். ஒரு சித்திரை மாதத்தில் அது தன்னை நினைவூட்டிக்கொண்டது.

வில்லியனூர் மாதா கோயிலுக்குச் செல்ல அப்பாவை அழைத்துக்கொண்டு பாகூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம் வழியாகப் புறப்பட்டோம். ஏ.சி. போட்டும் அனல்காற்றே வந்தது. குமிழை நீலக் கோட்டின் கடைசிவரை திருப்பினோம், பயனில்லை. வெயிலின் கொடுமை என்றெண்ணிக் கண்ணாடிகளை இறக்கினோமே தவிர, காற்றை நிறுத்தத் தோன்றவில்லை. அது முன் இருக்கையில் இருந்த அப்பாவின் காலடியில்தான் வீசிக்கொண்டிருந்தது.

ஆலயத்தின் முன் அவருக்குச் செருப்பை மாட்டிவிடக் குனிந்தபோது நெஞ்சு திக்கென்றது. பாதங்கள் இரண்டும் சிவந்து, தொட்டால் சுட்டன.

"சுடலையாப்பா?"

"இல்லையே" என்றார்.

நெடுநாள் சர்க்கரை நோய் பாதத்தின் உணர்வைக் கொன்றுவிடும், சூடு தெரியாது என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். கேட்டுத் தலையாட்டிய நாங்கள்தாம் மறந்தோம். குழாய் நீரை நெடுநேரம் ஊற்றினோம். கொப்புளம் எழவில்லை. அன்று எதைச் செபித்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நாங்கள் முதலில் காட்டிய பணிமனையில், "நம்ம ஊருக்கு ஹீட்டரே வேணாங்க, ரெண்டு ஓசையும் இணைச்சு விட்டுடலாம்" என்றனர். நம் பக்கத்தில் பலரும் செய்வதுதான். ஆயினும் ஐப்பசி மழையில் கண்ணாடியில் படரும் ஆவியை விரட்ட ஏ.சி.யுடன் சிறிது வெப்பமும் வேண்டுமே! தவிர, பழுது இன்னதென்று அறியாமலே அதை மூடிவிட மனம் ஒப்பவில்லை.

வில்லியனூரில் ஓர் இளைஞர் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்வியபடி அரை மணி நேரம் தேடினார். பிறகு எங்களையும் குனிந்து பார்க்கச் சொன்னார். எஞ்சினைச் சுற்றிவரும் கொதிநீரில் ஒரு பங்கு உள்ளே ஒரு சிறு ரேடியேட்டருக்குள் ஓடுகிறது. ஏ.சி. குளிர்வித்த காற்று அதன்மீது படுவதா, விலகிச் செல்வதா என்பதை ஒரு மடல் தீர்மானிக்கிறது. குமிழுக்கும் மடலுக்கும் இடையே உறைக்குள் ஓடும் மெல்லிய எஃகுக் கம்பிதான் தூது. 1896-இல் பௌடன் என்பவர் காப்புரிமை பெற்ற அமைப்பு. மிதிவண்டியின் பிரேக் கம்பியும் அதே இனம்.

கம்பி அறவில்லை. உறையைப் பற்றியிருந்த கிளிப் கழன்றிருந்தது. குமிழைத் திருப்பினால் மடல் அசையாமல் உறை முழுவதும் பின்னால் நழுவியது.

"கம்பி நகரணும்னா உறை நகரக் கூடாதுண்ணா" என்றார்.

குமிழை நீலத்தின் கடைசியில் நிறுத்தி, மடலைக் கையாலேயே குளிர்ப்பக்கம் முழுவதும் தள்ளிவைத்து, அந்த நிலையில் உறையை இறுக்கினார். பழைய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய கிளிப்தான். இரு முனைக்கும் திருப்பிப் பார்த்தபோது மடல் இருபுறமும் 'டப்'பென்று சென்று அமர்ந்தது. அவர் கேட்ட கூலியைச் சொல்ல எங்களுக்கே கூச்சமாயிருக்கிறது. கூடுதலாகக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார்.

அடுத்த வாரம் அப்பாவைப் பரிசோதனைக்காக ஜிப்மருக்கு அழைத்துச் சென்று திரும்பினோம். அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் எங்களில் ஒருவர் கை இருமுறை அவர் பாதத்தருகே சென்று வந்துவிட்டது. காற்று சில்லென்றிருந்தது.

"தோள் குளிருதுப்பா, கொஞ்சம் குறை" என்றார் அப்பா.

குமிழைச் சிவப்பின் பக்கம் ஒரு கோடு நகர்த்தினோம். கை மீண்டும் கீழே போயிற்று.